மூலமும் படியும்: வீட்டுக் கணினியிற் கோப்புப் படியெடுத்தலின் இடர்கள்

நூலைப் படியெடுத்தல் தமிழருக்குப் புதிய தொழிலன்று. அச்சுப் பரவுதற்கு முன்னர்த் தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து ஏட்டுக்குக் கைவழியாகவே பெயர்ந்து வந்தன. ஓலையைச் செல் அரிக்கும், ஈரம் சிதைக்கும். ஆதலால், ஓரேடு அழியுமுன் மற்றோரேட்டில் எழுதிவைத்தலே நூலைக் காக்கும் வழியாயிற்று. எழுதியோர் பிழைபட எழுதியவிடத்துப் பாடபேதங்கள் மலிந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர்கள் ஆற்றிய பெருந்தொழில் ஏடுகளைத் தேடியது மாத்திரமன்று. தேடிய ஏடுகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்புநோக்கியதுமாகும். படியெடுத்தல் எழுதி முடித்தவளவில் முடிவதன்று, ஒப்புநோக்கிய பின்னரே முடிவது என்பது அவர்தம் உழைப்பினால் நாம் பெறும் பாடம்.

இப்பாடம் இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியதாயிற்று. தெமட்டகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள இல்லங்களிற் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், மூத்தோரின் கையெழுத்துப் படிகள், பிள்ளைகளின் ஒப்படைகள் ஆகிய யாவும் இப்பொழுது கணினியில் உறைகின்றன. ஆயிரம் பக்கங்களை அரை நிமிடத்தில் அது படியெடுத்துத் தருகின்றது. விரைவு மிகுந்தமையால், ஒப்புநோக்கும் வழக்கம் ஒழிந்தது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1983 யூலையிற் கொழும்புத் தமிழரின் இல்லங்கள் எரிந்தபோது அவ்வில்லங்களின் ஏடுகளும் கடிதங்களும் உடன் எரிந்தன. மறுபடி இல்லாத மூலம் ஒருமுறை அழியின் என்றைக்கும் அழிந்ததே. இவ்வறிவு கைவந்த சமுதாயத்துக்குக் கோப்பொன்றைச் செவ்வையாகப் படியெடுக்கக் கற்றல் சிறு காரியமன்று. ஆதலின், வீட்டுக் கணினியில் இத்தொழில் தடைப்படும் காரணங்களையும் அவற்றை நீக்கும் வழிகளையும் ஈண்டு முறையே காண்பாம். பெரும்பாலார் கையாளும் விண்டோஸ் கணினியே இங்குக் கருதப்படுவது.

கோப்புறையின் இயல்பு

கோப்புறையைப் பெட்டகம் போன்றதென்று பலர் கருதுவர். உண்மையில் அது நூலகத்துப் பெயர்ப்பட்டியலை ஒத்தது. கோப்பின் உள்ளடக்கம் வன்தட்டில் ஓரிடத்தே கிடக்க, அதன் பெயரும் இருப்பிடமும் பட்டியலிற் குறிக்கப்பட்டுள்ளன. இதனை உணரின் சில புதிர்கள் தாமே அவிழும். ஒரே தட்டினுள் பெருங்கோப்பொன்றை நகர்த்தினால் அது கண்ணிமைப்பொழுதில் நிகழ்கின்றது. மாறியது பட்டியற் குறிப்பு மாத்திரமே. பென்ட்ரைவுக்கு நகர்த்தினால் நெடுநேரம் செல்கின்றது. உள்ளடக்கம் முழுவதும் ஆங்கு மீள எழுதப்பட்டு, அதன் பின்னரே மூலம் நீக்கப்படுகின்றது.

சுட்டியால் இழுத்துவிடும்போதும் இவ்வேறுபாடு உண்டு. ஒரே தட்டினுள் இழுத்தால் விண்டோஸ் நகர்த்தும். வேறு தட்டுக்கு இழுத்தாற் படியெடுக்கும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் எவ்விடத்தும் படியெடுக்கும். சிப்ட் விசையோடு இழுத்தால் எவ்விடத்தும் நகர்த்தும். காணாமற்போயிற்று என்று தேடப்படும் கோப்புறை, கை தவறி அயற்கோப்புறைக்குள் வீழ்ந்து கிடத்தல் மிகுதி. வேறு வேலை செய்யுமுன் கண்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தின், செய்த செயல் மீளும்.

அழித்தலும் அத்தன்மைத்தே. வன்தட்டில் அழித்த கோப்புப் பொதுவாக மீள்சுழற்சித் தொட்டியிற் கிடக்கும். பென்ட்ரைவில் அழித்தது ஆண்டுச் செல்வதில்லை. ஆயினும், பட்டியலிலிருந்து பெயர் நீங்கினும் உள்ளடக்கம் சிறிதுகாலம் எஞ்சியிருத்தல் கூடும். ஆகவே, தவறி அழித்த பென்ட்ரைவில் வேறெதனையும் எழுதாது வைத்திருப்பின், மீட்கும் மென்பொருளால் அதனைப் பெறும் வாய்ப்பு உண்டு.

பெயரால் வரும் இடர்

கோப்புறைக்குள் கோப்புறையாகப் பல படிகள் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் நீண்ட பெயரிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. தட்டின் எழுத்து முதற் கோப்பின் பெயர் ஈறாக உள்ள முழுப் பாதைக்கும் விண்டோஸ் மரபாக 260 எழுத்திடங்களையே வகுத்துள்ளது. அதனை விஞ்சின், படியெடுக்க இயலாதென மறுக்கும். தமிழ்ப் பெயர்கள் இவ்வெல்லையை விரைவில் எட்டுவன. ஒருங்குறியில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடங்கொள்ளுதலால், ‘கொழும்பு’ என்னும் நான்கெழுத்துச் சொல் எட்டு இடங்களைக் கவர்கின்றது. அன்றியும், லினக்ஸ் கணினிகளிலும் அன்ட்ரொயிட் கைப்பேசிகளிலும் ஒரு பெயர்க்குரிய எல்லை பொதுவாக 255 பைற்றுக்கள். தமிழின் ஒவ்வோர் இடமும் ஆங்கு மூன்று பைற்றுக்கள் ஆதலின், 85 இடங்களே கிடைக்கும். விண்டோஸில் நன்கு இருந்த கோப்புக் கைப்பேசிக்குச் செல்ல மறுத்தல் இதனாலும் நிகழும். பெயரைக் குறுக்குதலும், கோப்புறையைத் தட்டின் தலைவாயிலுக்கு அண்மையிற் கொணர்தலும் இதற்கு மருந்து.

சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள், கோணக் குறிகள், நெடுங்கோடு ஆகியவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்பதில்லை. திகதியைச் சாய்கோடிட்டு எழுதும் நம் வழக்கம் இங்குச் செல்லாது. 2024-08-15 என ஆண்டை முன்வைத்துச் சிறுகோடிட்டு எழுதின், தடையும் நீங்கும். கோப்புக்களும் காலமுறையில் தாமே நிரல்படும். பெயரின் ஈற்றில் நிற்கும் புள்ளியும் இடர் விளைப்பது. ‘க.பொ.த.’ எனப் பெயரிடின் ஈற்றுப் புள்ளியை விண்டோஸ் சொல்லாமலே நீக்கிவிடும். பிறிதொரு வகைக் கணினியில் அப்பெயருடன் ஆக்கிய கோப்புறையோ, இங்கு வந்தபின் திறக்கவும் அழிக்கவும் இசையாது நிற்றல் கூடும்.

ஒரே பெயருடைய கோப்புறையின் மேற் கோப்புறையைப் படியெடுத்தால் இரண்டும் ஒன்றாய்க் கலக்கும். உள்ளே ஒரே பெயருடைய கோப்பு இருப்பின், மாற்றீடு செய்யலாமா என்று கணினி வினவும். திகதியை நோக்காது ஆம் என்போர், நேற்றைய எழுத்தால் இன்றைய எழுத்தை அழிப்பவராவர்.

இடத்தாலும் உரிமையாலும் வரும் இடர்

பென்ட்ரைவில் இடம் நிறைய இருக்கவும், கோப்பு மிகப் பெரிதென்று கணினி மறுத்தல் உண்டு. அத்தட்டு ஃபாட் 32 என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருத்தலே காரணம். அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 கிகாபைற்றை எட்டுதல் ஆகாது. திருமண விழா நிகழ்படம் போன்றவை இதனை எளிதில் விஞ்சும். எக்ஸ்ஃபாட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றுதல் தீர்வாகும். புதிதாய் வடிவமைத்தல் உள்ளிருப்பன யாவற்றையும் நீக்குமாதலின், முதலில் அவற்றை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும். 32 கிகாபைற்று என விற்கப்படும் பென்ட்ரைவ் கணினியில் 29.8 எனக் காட்டுவது குறையன்று. விற்போர் ஆயிரத்தின் மடங்காலும் விண்டோஸ் 1,024இன் மடங்காலும் எண்ணுவதே அதற்குக் காரணம்.

கோப்பு வேறொரு செயலியில் திறந்திருக்கிறது என்று மறுப்பின், அச்செயலியை மூடுக; மூடியும் மறுப்பின் கணினியை மீள இயக்குக. பழைய கணினியின் வன்தட்டைப் புதியதிற் பொருத்தும்போது அனுமதியில்லை என்ற செய்தி வருதல் உண்டு. பயனர் பெயர் ஒன்றாயினும், இரண்டு கணினிகளும் அப்பெயருக்கு வெவ்வேறு அடையாள எண்களை வழங்கியுள்ளன. ஆதலின், கணினிக்கு நீவிர் அயலவரே. பண்புகள் என்பதன் கீழுள்ள பாதுகாப்புப் பகுதியிற் கோப்புறையின் உரிமையாளரை மாற்றின் வழி திறக்கும்.

எழுத்துருவால் வரும் மயக்கம்

வீட்டிலே தமிழில் எழுதிய ஒப்படையைப் பென்ட்ரைவிற் கொண்டுசென்று, போட்டோக்கொப்பிக் கடையிலே திறக்கும் மாணவன், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களைக் கண்டு கோப்புக் கெட்டதென்று அஞ்சுகின்றான். கோப்புக் கெடவில்லை. நம் நாட்டிற் பெருவழக்குற்ற பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து அமைந்தது. ‘தமிழ்’ என்னும் சொல் அதில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதியப்படுகின்றது. எழுத்துரு இல்லாத கணினி அவற்றை உள்ளவாறே காட்டும். அவ்வெழுத்துருவை நிறுவினால் எழுத்துத் தெளியும். 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறிக்கு அதனை மாற்றிவைத்தல் அதனினும் நிலையானது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் வேறு குறிமுறையில் வெளியிட்ட தன் நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. கோப்பைப் படியெடுத்தும் அதனைப் படிக்கும் வழியைப் படியெடாது விடுதல், பூட்டைக் கொண்டுசென்று திறவுகோலை வீட்டில் விடுதலை ஒக்கும்.

ஊடகத்தால் வரும் இடர்

பென்ட்ரைவைத் திறந்தவுடன் கோப்புறைகள் யாவும் குறுக்குவழிக் குறிகளாக மாறியிருத்தல் ஒருவகை நச்சுநிரலின் வேலை. உண்மைக் கோப்புறைகள் மறைக்கப்பட்டுள்ளனவேயன்றி அழிக்கப்படவில்லை. அக்குறிகளைச் சொடுக்குதலே நஞ்சைக் கணினிக்குள் விடுதலாகும். முதலில் நச்சுநிரல் நீக்கியால் துப்புரவு செய்க; பின்னர் மறைந்தவற்றையும் பாதுகாக்கப்பட்ட முறைமைக் கோப்புக்களையும் காட்டும் தெரிவைக் கொண்டு உண்மைக் கோப்புறைகளைக் கண்டெடுக்க.

தட்டை வடிவமைத்தல் வேண்டும் என்று கணினி கேட்பின், உள்ளே வேண்டிய கோப்பு இருக்கும்வரை இசையலாகாது. படியெடுக்கும்போது மிகைமைச் சோதனை பற்றிய தரவுப் பிழை தோன்றினாலும், வன்தட்டிலிருந்து தட்டும் ஒலி எழுந்தாலும், தட்டு நலிகின்றதென அறிக. மீண்டும் மீண்டும் முயன்று அதனை வருத்தாது, மிக முதன்மையான கோப்புக்களை முதலிற் காப்பாற்றுக. பழுதுபார்த்தல் படியெடுத்தலின் பின்னரே நிகழத்தக்கது.

மின்தடையும் ஓரிடர். 2022 மார்ச்சு ஈற்றில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திலர். படியெடுக்கும் நடுவில் மின் நின்றாலோ பென்ட்ரைவைப் பிடுங்கினாலோ, பெயர் சரியாகவும் அளவு சரியாகவும் தோன்றும் கோப்பின் உள்ளே பாதி வெறுமையாயிருத்தல் கூடும். திரையில் ஓடும் பட்டை நிறைந்த பின்னரும் எழுத்து வேலை சிறிது எஞ்சியிருக்கலாம். பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, அதன் விடை வரும்வரை பொறுத்தல் வேண்டும்.

ஒப்புநோக்குமாறு

படி செவ்விதென்று அறிவது எவ்வாறு? நான்கு படிநிலைகள் உள. முதலாவது, மூலக் கோப்புறை, படிக் கோப்புறை ஆகிய இரண்டின் பண்புகளையும் திறந்து, கோப்புக்களின் தொகை ஒத்துள்ளதா என நோக்குக. இரண்டாவது, அளவைப் பைற்று வரையில் ஒப்பிடுக. தட்டிற் கொள்ளும் அளவு வேறுபடின் கவலற்க. அது தட்டின் அமைப்பைப் பொறுத்தது. மூன்றாவது, முதலிலும் இடையிலும் ஈற்றிலும் சில கோப்புக்களைத் திறந்து பார்க்க. நான்காவது, மிக அரியவற்றுக்கு அடையாள எண் காண்க. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் உள்ள சேர்ட்யூட்டில் என்னும் கருவி, கோப்பு முழுவதையும் வாசித்து 64 குறிகள் கொண்ட ஓரெண்ணைத் தரவல்லது. ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறும். மூலத்தின் எண்ணும் படியின் எண்ணும் ஒன்றாயின், படி பழுதற்றது எனத் துணியலாம். ஏடுகளை ஒப்பிடப் பதிப்பாசிரியர் ஆண்டுகள் பல உழைத்தனர். அவ்வேலையை இன்று கணினி நொடியில் முடிக்கின்றது. அதனைக் கேட்பாரே இல்லை.

பெருந்தொகையான கோப்புக்களைப் பெயர்ப்போருக்கு ரோபோகொப்பி என்னும் கட்டளை துணையாகும். இடையில் தடைப்படினும் மீள ஏவினால், முன்னர்ப் படியெடுத்தவற்றை விட்டு எஞ்சியவற்றையே அது படியெடுக்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான விதி ஒன்றே: ஒப்புநோக்கும்வரை மூலத்தை அழிக்கலாகாது. ஆகவே, அரிய கோப்புக்களை நகர்த்துதலைத் தவிர்க்க. படியெடுக்க, ஒப்புநோக்குக, அதன் பின்னரே வேண்டாததை நீக்குக. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேற்றிடத்தில் என்னும் ஒழுங்கை அறிந்தோர் பரிந்துரைப்பர். கணினிக்கு அருகிலே கிடக்கும் பென்ட்ரைவ், வீட்டுக்கு வரும் வெள்ளத்துக்கும் தீக்கும் கணினியோடு உடன் இரையாவது. வெளியூர் உறவினர் வீட்டிலுள்ள ஒரு படியே உண்மையான காப்பு.

2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கிற் பேணி வருகின்றது. ஆயினும், ஒரு பொது நிறுவனம் ஒவ்வொரு வீட்டின் அலுமாரியையும் திறந்து பார்த்தல் இயலாது. பாட்டனாரின் நாட்குறிப்பும், ஊர்க் கோயில் மலரும், கல்லூரிப் பழைய இதழும் அவ்வவ் வீட்டார் கையிலேயே உள்ளன. கணினியைக் கையாளும் இளைஞரே இன்று அவ்வேடுகளை எழுதுவோர். அவர்கள் விரைந்து படியெடுப்பது மாத்திரம் போதாது; பொறுமையோடு ஒப்புநோக்கவும் பழகுவாராயின், நம் வீட்டு ஏடுகள் அடுத்த தலைமுறையின் கையிலும் பிழையின்றி விளங்கும்.