மீன் ஏன் இரை எடுக்கவில்லை?

கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்க மீன். நேற்று வரை இரையைக் கண்டதும் ஓடி வந்தது. இன்று வரவில்லை. போட்ட இரை அப்படியே மிதக்கிறது. மீன் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிறது.

அப்போது பலர் இன்னும் கொஞ்சம் இரை போடுகிறார்கள். சிலர் கடைக்கு ஓடி ஏதோ ஒரு மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். இரண்டும் கெடுதல். மீன் இரை எடுக்காதது ஓர் அடையாளம். மனிதருக்கு வரும் காய்ச்சலைப் போல. முதலில் காரணத்தைத் தேட வேண்டும்.

அழகு மீன் பலருக்குப் பொழுதுபோக்கு. பலருக்கு அதுவே பிழைப்பு. மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்தில் வீட்டுக் கொல்லையிலேயே தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள். பெண்களும் இதில் ஈடுபடுகிறார்கள். கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. சென்னை கொளத்தூரிலும் இந்தத் தொழில் பெரிது. அங்கெல்லாம் ஒரு மீனின் நோய் தொட்டி முழுவதும் பரவினால் பல மாத உழைப்பு வீண்.

பத்து நிமிடம் பாருங்கள்

தொட்டியின் முன் உட்காருங்கள். பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? தண்ணீர் கெட்டிருக்கிறது.

உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் உண்டா? அது வெண்புள்ளி நோய்.

வயிறு உப்பி, மலம் போகாமல் இருக்கிறதா? அதிகம் தின்றிருக்கலாம்.

வயிறு வீங்கி, செதில்கள் தூக்கி நிற்கின்றனவா? உடலுக்குள் நீர் கோத்திருக்கிறது. இதைக் குணமாக்குவது கடினம். அந்த மீனை உடனே தனியே பிரியுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையா? குளிர் காலமா என்று பாருங்கள். மீனின் உடல் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் மீனுக்குச் செரிமானம் குறையும். பசியும் குறையும். வட இந்தியாவில் மார்கழி, தை மாதங்களில் தங்க மீன் இரையைக் குறைப்பது இயல்பு. அப்போது இரையைக் குறைத்தால் போதும்.

தண்ணீர் எப்படி விஷமாகிறது?

மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வருமே, அது அம்மோனியா. மீனும் அம்மோனியாவைத்தான் கழிவாக வெளியேற்றுகிறது. பெரும்பகுதி அதன் செவுள் வழியாகவே வருகிறது. தின்னாமல் கிடக்கும் இரை அழுகினாலும் அம்மோனியா வரும். அது செவுளைப் புண்ணாக்கும். மீன் மூச்சு விடத் திணறும். திணறும் மீன் எப்படித் தின்னும்?

தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கும். ஆனாலும் அதில் அம்மோனியா இருக்கலாம்.

தொட்டியில் நன்மை செய்யும் கிருமிகளும் உண்டு. கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் அவை குடியிருக்கும். அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும். புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டியில் மீன்கள் அதிகம் சாகின்றன. முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினால் இந்தக் கிருமிகள் அழிந்துவிடும்.

முதல் வைத்தியம்

மிதக்கும் இரையை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் இரை போடாதீர்கள். நன்கு வளர்ந்த தங்க மீன் அதைத் தாங்கும்.

தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். நகரக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது மீனுக்கு ஆகாது. வாய் அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். காற்றுக் குழாய் ஓடட்டும்.

வயிறு உப்பிய மீனுக்குப் பட்டினிக்குப் பின் வேகவைத்த பட்டாணியைத் தோல் நீக்கி, நசுக்கிக் கொடுத்துப் பார்க்கலாம். தங்க மீனுக்கு இரைப்பை கிடையாது. ஆகவே எப்போதும் கொஞ்சமாகவே போட வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

வெண்புள்ளிக்கு உப்பு

வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கு அடியில் வளரும். அங்கே இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் கீழே விழும். அங்கே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை நீந்தி வேறு மீனைப் பிடிக்கும். அப்படி நீந்தும்போதுதான் உப்பு அவற்றைக் கொல்லும்.

ஆகவே புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. மேலும் ஒரு வாரம் தொடர வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிக நாள் ஆகும்.

உப்பு எவ்வளவு? ஒரு லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு. தொட்டியில் எத்தனை லிட்டர்? அளவு நாடாவால் அளந்து பாருங்கள். நீளம் 50 செ.மீ., அகலம் 30 செ.மீ., தண்ணீரின் உயரம் 20 செ.மீ. என்றால்:

50 × 30 × 20 = 30,000
30,000 ÷ 1,000 = 30 லிட்டர்
30 × 2 = 60 கிராம் உப்பு

மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள். தண்ணீரில் கரைத்து, மூன்று பங்காக்கி, ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பிறகு 10 லிட்டர் மாற்றினால் 20 கிராம் உப்பு மட்டும் சேருங்கள். வெயிலில் தண்ணீர் வற்றினால் உப்பு சேர்க்க வேண்டாம். உப்பு ஆவியாகாது. செடிகளை முன்பே எடுத்துவிடுங்கள். கெளுத்தி இனத்தில் பல மீன்களுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. அவற்றைத் தனியே வையுங்கள்.

செய்யக் கூடாதவை

மனிதருக்கான மாத்திரைகளைத் தொட்டியில் போடாதீர்கள். நல்ல கிருமிகளும் சாகும். நோய்க் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும். உப்புக்குக் குணம் தெரியவில்லை என்றால் மீன்வளத் துறை அலுவலரையோ கால்நடை மருத்துவரையோ கேளுங்கள்.

நோய்ப்பட்ட மீனை விற்காதீர்கள். குளத்தில் விடவும் கூடாது. நோய் அங்கேயும் பரவும். வேண்டாம் என்று விடப்படும் வெளிநாட்டு மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகிவிடுகின்றன. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களில் தொட்டி மீனான சக்கர் மீன் இப்படித்தான் பரவியுள்ளது. செத்த மீனைக் குழி தோண்டிப் புதையுங்கள்.

புது மீன் வாங்கினால் மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அதற்கு வலையும் தனி. பெரும்பாலும் நோய் புது மீனோடுதான் வீட்டுக்குள் வருகிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுத் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது? கணக்கிடுங்கள்.
2. 45 லிட்டர் தொட்டிக்கு எத்தனை கிராம் உப்பு வேண்டும்?
3. முழுத் தண்ணீரையும் ஏன் மாற்றக் கூடாது? பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.