ஏழு சுற்றிலும் வராத பெயர்

1999 ஆகஸ்டில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்த நேரத்தில், செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) டிரென்ட் கிரீன் முழங்காலில் பலத்த காயம்பட்டுக் களத்தை விட்டு வெளியேறினார். பயிற்சியாளர் டிக் வெர்மீல் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே கண்கலங்கினார். அவர் கையில் மிஞ்சியிருந்தவர் 28 வயது கர்ட் வார்னர். முந்தைய பருவம் முழுக்க, அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களில் வார்னர் எறிந்தது 11 பந்துகள். அவற்றில் சக வீரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தவை 4. ராம்ஸ் அணியோ அந்தப் பருவத்தில் 16 ஆட்டங்களில் 12-ல் தோற்றிருந்தது.

வார்னரை டிராஃப்ட்டில் எந்த அணியும் தேர்ந்தெடுத்ததில்லை. நம்மூர் ரசிகர்களுக்கு ஐபிஎல் ஏலம் தெரியும். டிராஃப்ட்டும் வீரர்களைப் பிரித்துக்கொள்ளும் முறைதான், ஆனால் அதில் ஏலம் கேட்பது கிடையாது. சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பையை வென்ற அணி வரிசையின் கடைசியில் நிற்கும். ஏழு சுற்றுகளில் சுமார் 250 கல்லூரி வீரர்கள் தேர்வாகிறார்கள். எஞ்சியவர்களில் சிலரை அணிகள் தொலைபேசியில் அழைத்து, சொற்பத் தொகைக்குப் பயிற்சி முகாமில் சேர்த்துக்கொள்ளும். இன்றைய கணக்கில் முகாமுக்கு வருபவர்கள் 90 பேர். பருவம் தொடங்கும்போது அணியில் இடம் 53 பேருக்கு. முதல் சுற்றில் எடுத்த வீரர் தடுமாறினால் ஓரிரு ஆண்டுகளாவது பொறுத்துக்கொள்வார்கள், போட்ட பணம் அப்படி. தொலைபேசியில் வந்தவருக்கு அந்தப் பொறுமை கிடைப்பது அரிது.

வார்னர் படித்தது நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில். பெரிய அணிகளின் கண் அதிகம் படாத இடம். அங்கேயும் கடைசி ஆண்டில்தான் முதன்மை குவார்ட்டர்பேக் ஆனார். அந்த ஒரே ஆண்டில் தம் பிரிவின் சிறந்த தாக்குதல் வீரர் விருதை வாங்கினார். ஆனாலும் ஒரு பருவ ஆட்டத்தை வைத்து யார் முதலீடு செய்வார்கள்? 1994-ல் கிரீன் பே பேக்கர்ஸ் முகாமுக்கு அழைத்தது. அங்கே அவருக்கு முன்னால் பிரெட் ஃபாவ்ர், மார்க் புருனெல், டை டெட்மர் என மூன்று பேர் நின்றார்கள். பருவம் தொடங்குவதற்குள் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் சீடர் ஃபால்ஸ் ஊரில் ஹைவீ மளிகைக் கடையில் இரவு நேரம் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி.

அமெரிக்கர்கள் இந்த மளிகைக் கடைக் கதையை இன்றும் சொல்லிச் சொல்லி நெகிழ்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த மூன்று ஆண்டுகள். 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அரீனா கால்பந்து அணிக்கு ஆடினார். உள்ளரங்கில், வழக்கமான திடலில் பாதியாக, 50 கெஜ நீளத்தில் ஆடும் ஆட்டம் அது. அணிக்கு எட்டுப் பேர். எதிராளி கண் இமைப்பதற்குள் மேலே வந்து விழுவார். யோசித்து எறிய நேரமில்லை. யாருக்கு எறிவது என்ற முடிவும் எறிதலும் ஒன்றாக நடந்தாக வேண்டும். குவார்ட்டர்பேக்குக்குத் தேவைப்படும் தலையாய திறன் இதுதான். ஓட்ட வேகத்தையும் உயரத்தையும் அளப்பதுபோல் இதை அளக்க முடியாது. வார்னருக்கு அந்த நெருக்கடியில் வாரந்தோறும் ஆடக் கிடைத்தது. 1998-ல் ராம்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து ஐரோப்பிய லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்கு அனுப்பியது. அங்கே அதிக கெஜம் எறிந்தவர் அவரே.

அப்போதும் ராம்ஸுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. 1999 தொடக்கத்தில், புதிதாகத் திரும்பிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த வீரர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பிரவுன்ஸ் எடுக்கவில்லை.

கிரீன் விழுந்த அந்த ஆண்டு வார்னர் 4,353 கெஜம் எறிந்தார். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச் டவுன்கள் அவர் எறிதலில் 41. ராம்ஸ் 13 ஆட்டங்களில் வென்றது; லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கு வந்தது. 2000 ஜனவரி 30 அன்று லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் டென்னசி டைட்டன்ஸ் 16-16 எனச் சமன் செய்தபோது இரண்டு நிமிடம் சொச்சம்தான் மீதி. அடுத்த பந்தை, எதிராளி வந்து மோதும் அதே கணத்தில் ஐசக் புரூஸுக்கு எறிந்தார். 73 கெஜம், டச் டவுன். ராம்ஸ் 23-16 என வென்றது. அன்று அவர் எறிந்த 414 கெஜம் அதுவரை சூப்பர் பௌலில் எவரும் எட்டாத அளவு.

2001-ல் மீண்டும் அதே லீக் விருது. 2008 பருவத்தில், 37 வயதில், அரிசோனா கார்டினல்ஸ் அணியை அதன் முதல் சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார்; அதில் தோல்வி.

டிராஃப்ட் ஆகாமல் வந்தவர்களில் பெரும்பாலோர் முகாமோடு வீடு திரும்புகிறார்கள். அவர்கள் அனைவருக்கும் வார்னரின் திறமை இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தம்மை நிரூபிக்க அவருக்குக் கிடைத்த மூன்று ஆண்டு ஆடுகளம் அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை.

2017-ல் கேன்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழரங்கில் வார்னர் சேர்க்கப்பட்டார். அரீனா கால்பந்தின் புகழரங்கிலும் இடம்பெற்றிருப்பதால், இரண்டிலும் உள்ள ஒரே வீரர் அவர்.