மணவாளக்குறிச்சிக் கருமணல்: மலையில் பிறந்தது, கரையில் சேர்ந்தது

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலைப் பார்த்துவிட்டு, கடலடியில் கனிம நரம்பு ஏதோ ஓடுகிறது என்று எண்ணுவோர் உண்டு. மணலே அதை மறுக்கிறது. ஒரு கைப்பிடி அள்ளினால் கனம் தெரியும். உற்றுப் பார்த்தால் கருப்பு இல்மனைட், இளஞ்சிவப்புக் கார்னெட், நிறமற்ற சிர்கான், தேன் நிற மோனசைட் கலந்திருப்பது தெரியும். இவையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னகைட், கோண்டலைட், பெக்மடைட் பாறைகளில் உள்ளவை. பல கோடி ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்த துகள்களை வள்ளியாறு போன்ற ஆறுகள் கடலில் சேர்த்தன.

அப்படியானால் எல்லாக் கரையும் கருத்திருக்க வேண்டாமா? நியாயமான கேள்விதான். ஆறு கொண்டுவருவதில் பெரும்பங்கு வெண்மணலான குவார்ட்ஸ். பிரித்தெடுப்பது அலையின் வேலை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு ஏறக்குறைய 4.7, மோனசைட்டுக்கு 5. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சீறிவரும் அலை எல்லாவற்றையும் கரையேற்றுகிறது. திரும்பும் நீர், முறத்தில் புடைத்ததுபோல், இலேசானதை மட்டும் கொண்டுபோகிறது. அலையின் வேகமும் கரையின் வளைவும் இதற்கு ஒத்துவரும் இடத்தில்தான் கருமணல் தங்கும். 1909இல் ஜெர்மானியர் ஷோம்பெர்க், இந்தக் கரை அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டை அடையாளம் கண்டார். காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. அலையே பிரித்து வைத்திருந்ததால், அதற்காகப் பிறகு இங்கே யாரும் சுரங்கம் வெட்டவில்லை, கரையிலேயே அள்ளினார்கள்.