சமையலறை மட்டும் ஏன் இறங்குகிறது?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது பின்கட்டைத்தான். பழைய சுவரும், பிறகு நீட்டிக் கட்டிய சமையலறையும் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு நிற்கும். மேலே விரல் நுழையும், கீழே வரவர மயிரிழையாகிவிடும். சமையலறை வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்கிறது என்று அர்த்தம்.

"சிமெண்டு கம்மியாப் போட்டுட்டாங்களா தம்பி?" என்பார்கள் வீட்டுக்கார அக்காமார்.

"சிமெண்டு இல்லக்கா, அடியில இருக்கிற மண்ணு" என்பேன்.

நான் ராசா ஊர்க்காரன். எங்களுடையது மலையடிவாரம். ஈயம் எடுத்த பழைய குட்டைகளைத் தூர்த்த இடங்களை விட்டுவிட்டால், கொஞ்சம் தோண்டினாலே கெட்டி மண் கிடைக்கும். தூணுக்கு அடியில் அகலமாகக் கான்கிரீட் பாதம் போட்டு ஒற்றை மாடி வீட்டை நிறுத்திவிடலாம். கடலோரத்தில் அது நடக்காது. அங்கே சாம்பல் நிறக் களிமண், பல இடங்களில் 20 மீட்டருக்கு மேல் ஆழம். ராஜா மூசா பக்கமோ மக்கிய மரமும் வேருமாகக் கறுத்த சதுப்பு மண்.

மண் தாங்குவதற்கு மேல் அழுத்தக் கூடாது, இது அஸ்திவாரத்தின் முதல் விதி. மென்மையான களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 டன்னுக்கும் குறைவாகவே பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். இன்னொரு விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: இறங்கினால் கட்டடம் முழுக்க ஒரே சீராக இறங்க வேண்டும். களிமண்ணுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. மேலே சுமை ஏறியதும் அந்த நீர் கசிந்து வெளியேற, மண் அமுங்கும். துளைகள் மிக நுண்ணியவை என்பதால் இது ஆண்டுக்கணக்கில் நீளும். மண் அமுங்கும் இந்தக் கணக்கைப் பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925-இல் நூலாக எழுதினார். தெலுக் இந்தானில் 1885-இல் எழுந்த 25.5 மீட்டர் கோபுரம் அதற்கு முன்பே சாயத் தொடங்கிவிட்டது. அடியில் மென்மண், உள்ளே தொட்டி நிறையத் தண்ணீரின் பாரம்.

நம் தாமானில் நடப்பதும் இதுதான். மேம்பாட்டாளர் வீட்டைப் பைலிங் அடித்து, அதாவது ஆழத்தில் தூண்களை ஊன்றி, நிறுத்தியிருப்பார். தோட்ட லயத்திலிருந்து வந்த குடும்பம், பல வருடச் சேமிப்பைப் போட்டுச் சமையலறையை நீட்டுகிறது. அதற்கு மட்டும் பைலிங் கிடையாது. வீடு நிற்கிறது, சமையலறை இறங்குகிறது. வெடிப்பில் சிமெண்டு பூசினால் சில மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். மனசு வலிக்கிற செலவு அது.

பைலிங்குக்குப் பதில் பாக்காவ் என்ற சதுப்புநில மரக் கட்டை அடித்தால் போதுமா என்று கேட்கிறார்கள். நிலத்தடி நீருக்குள் மூழ்கியே இருந்தால் அது உளுக்காது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் அழுகும். அதோடு, களிமண்ணுக்குள் பாதியில் நிற்கிற கட்டை, ஆழத்தில் ஊன்றிய பைலிங்குக்குச் சமமாகாது. பாக்காவ் கட்டைமேல் கட்டுவதானால், புதுச் சுவரைப் பழைய வீட்டோடு பிணைக்காமல், நடுவே இடைவெளி விட்டுத் தனியாக நிற்க விடுவதே நல்லது.

மண்ணை அறிய மெக்கின்தோஷ் சோதனை இருக்கிறது. ஒரு கம்பியைச் சிறு சுத்தியலால் அடித்து இறக்கி, ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் எத்தனை தட்டு என்று எண்ணுவார்கள். களிமண்ணில் சில தட்டிலேயே கம்பி வழுக்கிக்கொண்டு போகும். 400 தட்டுக்கும் ஓர் அடி இறங்கவில்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். சின்ன வேலைக்கு இதுவே நல்ல தொடக்கம்.

சமையலறையை நீட்டப் போகிறீர்களா? குத்தகையாளரிடம் ஓடு, டைல்ஸ் பற்றிப் பேசும் முன் மண் சோதனைத் தாளைக் கேளுங்கள். பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தோடு நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்குங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.