எலும்பென்னும் கிடங்கு

இராயபுரத்தை அடுத்துள்ள துறைமுகத்தில் பெரிய கிடங்குகள் பல உள்ளன. உரிய சீட்டு இன்றி அவற்றிலிருந்து ஒரு மூட்டையும் வெளியே செல்லாது. மனித உடலிலும் அத்தகைய கிடங்கு ஒன்று உண்டு. அதுவே எலும்பு. உடலிலுள்ள கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியுள்ளது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிதளவே. 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருத்தல் இயல்பு. கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் நான்கு சிறு சுரப்பிகள் இவ்வளவைக் காக்கின்றன. குறையுங்கால் எலும்பிலிருந்து சிறிது எடுக்கச் செய்யும், நிறைந்ததும் நிறுத்திவிடும்.

புற்றுநோய் இக்காவலைக் குலைப்பதுண்டு. நுரையீரல், மார்பகம் முதலியவற்றில் தோன்றும் சில கட்டிகள், அச்சுரப்பிகளின் நீரை ஒத்த பொருளொன்றைச் சுரக்கின்றன. பொய்ச்சீட்டைக் கண்டு கிடங்கு திறப்பதுபோல, எலும்பு கரைந்து சுண்ணாம்பு இரத்தத்தில் பெருகுகிறது. அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் 1941இல் ஊகித்த இப்பொருள் 1987இல் கண்டறியப்பட்டது. எலும்பிற் பரவும் புற்றுநோயாலும் இக்கேடு விளையும்.

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், குமட்டல், மலச்சிக்கல், சோர்வு ஆகியன இதன் அறிகுறிகள். முற்றினால் அறிவு மயங்கும். சிறுநீரகமும் இதயமும் தளரும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கோடையில் உழைப்போர்க்குத் தாகம் புதிதன்று. ஆதலின் புற்றுநோயாளியின் தாகத்தை வெயிலின் விளைவு என்றும், மயக்கத்தை இறுதிக்காலம் என்றும் எண்ணி வாளா இருத்தல் எளிது. அவ்வாறு இருத்தல் பெருந்தவறாகும். இரத்தச் சோதனை ஒன்றே உண்மையைக் காட்டிவிடும்.

நோயாளி பெரும்பாலும் உடல்நீர் வற்றியிருப்பார். எனவே முதற்கண் உப்புநீரை நரம்பு வழியே செலுத்துவர். கால்சிடோனின் என்னும் மருந்து சில மணி நேரத்தில் பயன் தரும். ஆயினும் இரண்டொரு நாளில் அதன் ஆற்றல் குன்றும். சோலெட்ரானிக் அமிலம் எலும்பு கரைவதைத் தடுக்கும். அது பயன் தர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். பின்னர்ப் பல வாரம் நிலைக்கும். பாலையும் மோரையும் நிறுத்துவதால் மட்டும் இந்நோய் தீராது. மிகுந்த சுண்ணாம்பு பெரும்பாலும் எலும்பிலிருந்தே வந்ததன்றோ!

மூலமாகிய புற்றுநோய்க்கும் மருத்துவம் செய்தல் வேண்டும். இல்லையேல் சுண்ணாம்பு மீண்டும் மிகும். நோய் முற்றிய நிலையிலும் இம்மருத்துவம் வீண்போவதன்று. மயங்கிக் கிடந்தவர் தெளிவுற்று, தம் மக்களைப் பெயர் சொல்லி அழைக்கவும் கூடும். கஞ்சித்தொட்டி மருத்துவமனை என்று மக்கள் வழங்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை வடசென்னையிலேயே உள்ளது. அறிகுறியை உணர்ந்து காலந்தாழ்த்தாது நோயாளியை அங்குக் கொண்டு சேர்த்தலே சுற்றத்தார் கடமையாகும்.