புழுக்க காலத்தில் நாயும் குதிரையும் கழுதையும்

பங்குனி மாதத்து ஒரு நாள். எட்டாம் தரத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், நாய்க்குத் தண்ணி வெச்சா வுளு முறியுமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பாடசாலை மதிலோரம் ஒரு பெட்டை நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துக் கிடப்பதைக் காலையிலிருந்தே பார்த்திருக்கிறான். அதற்குத் தண்ணீர் வைக்கப் போனவனை யாரோ தடுத்துவிட்டார்கள்.

முறியாது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் நஜீஸ்தான். பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஆனால் நஜீஸ் படுவது வுளுவை முறிக்கும் காரியங்களில் ஒன்றல்ல. அதுவும் போக, தண்ணீர் வைப்பதற்கு நாயைத் தொடவே தேவையில்லை. அதற்கென்று ஒரு சட்டியை ஒதுக்கினால் போதும். தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்த மனிதரைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். சட்டி வைக்கும்போதுதான் தயக்கம் வந்துவிடுகிறது.

அந்த நாய்க்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று விளங்கினால் தயக்கம் கொஞ்சம் குறையும். தமிழில் வெயில் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. புழுங்கல் அரிசியில் இருக்கிற அதே புழுங்குதல்தான் புழுக்கத்திலும் இருக்கிறது. ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வேகுவது. மன்னார்த் தீவில் மாசிக் கடைசியிலிருந்து சோளகம் எழும்பும் வரைக்கும் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் இதுதான். காற்று அசையாது, இரு பக்கமும் கடல், கொடியில் போட்ட சாரம் பொழுதுபட்டும் ஈரமாகவே கிடக்கும்.

உடம்புச் சூடு தணிவது நீர் ஆவியாவதால். வியர்வை ஊறினால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சாரம் காயாத நாளில் வியர்வையும் காயாது. மனிதருக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில் கொஞ்சம் கசிவதோடு சரி. மற்றதெல்லாம் நாக்கும் வாயும் மூச்சும்தான். அது இரைப்பது களைப்பினால் மட்டுமல்ல, வாயின் ஈரத்தைக் காற்றில் காயவைத்துத் தன் இரத்தத்தைக் குளிர்விக்கப் பார்க்கிறது. காற்றே ஈரமாக இருந்தால் இரைப்பு வீண் உழைப்பாகி, அந்த உழைப்பும் சூட்டைக் கூட்டும். நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடைவெளி எவ்வளவு சிறியது பாருங்கள்.

குதிரை நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்கும் மிருகம். கடும் வெப்பத்தில் வேலை வாங்கினால் மணித்தியாலத்துக்குப் பத்து லீற்றருக்கு மேலும் வியர்வை போகும். அந்த வியர்வையில் நம்முடையதைவிட உப்பு அதிகம். ஆகவே தண்ணீரோடு உப்பும் கொடுக்க வேண்டும். குளிர் நாட்டிலிருந்து வந்த சில குதிரைகள் இந்த ஈர வெப்பத்தில் கொஞ்ச காலம் இருந்தபின் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. தோல் உலர்ந்து கிடக்கும், உள்ளே கொதிக்கும்.

இந்தப் புழுக்கத்துக்கு நம் கடலோரம் கொடுத்த விலை சிறியதல்ல. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இருக்கிறது காயல். 13ஆம் நூற்றாண்டில் ஹுர்முஸ், கீஷ், ஏடன் பகுதிகளிலிருந்து அரபு, பாரசீக வணிகர் பாண்டியருக்குக் குதிரை இறக்கிய துறைகளில் அது முக்கியமானது. அந்த வணிகம் நம் சமூகத்தின் பழைய பெருமைகளில் ஒன்று. ராவுத்தர் என்ற பெயரைக் கேட்டாலே குதிரை நினைவுக்கு வரும். (குதிரைக் கப்பற்காரர் செல்வாக்கு இந்தத் தீவில் அதைவிடப் பழையது. சேனன், குத்திகன் என்ற குதிரை வணிகர் மக்கள் இருவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தையே ஆண்டதாக மகாவம்சம் சொல்கிறது.) பெருமையைச் சொல்லும்போது அந்தக் குதிரைகள் என்ன ஆயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கரையைக் கண்ட மார்க்கோ போலோவின் கணக்குப்படி, அரசர் ஆண்டொன்றுக்கு 2000க்கு மேல் குதிரை வாங்குவார். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரியாமையே காரணம் என்கிறார். வேகவைத்த சோறும் சமைத்த இறைச்சியும் தீனியாகப் போட்டார்களாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் ஏறக்குறைய இதையே வேறு விதமாக எழுதியிருக்கிறார். வறுத்த தானியத்தில் நெய் சேர்த்துக் கொடுத்து, காய்ச்சிய பால் குடிக்க வைத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவிட்டு, பழக்காமலே ஏறி விரட்டினார்கள் என்கிறார். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்பதும் அவர் தரும் தகவல்களே.

இன்றைய அறிவோடு பார்த்தால் அந்தச் சாவுகளில் பெரிய மர்மம் இல்லை. குதிரையின் குடல் புல்லுக்கும் வைக்கோலுக்கும் அமைந்தது. கொழுப்பும் மாவுச்சத்தும் மிஞ்சினால் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் வரும். கொழுத்த உடம்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். நாற்பது நாள் அசையாமல் நின்ற மிருகத்தைப் புழுக்கத்தில் திடீரென்று ஓட்டினால் என்ன ஆகும்? புதிய வெப்பத்துக்குப் பழக ஒரு குதிரைக்கு இரண்டு மூன்று வாரம் சிறுகச் சிறுக நடை வேண்டும். அவர்கள் செய்தது அதற்கு நேர்மாறு. அன்பில்லாமல் செய்யவில்லை, நெய்யும் பாலும் ஊட்டியிருக்கிறார்கள்! மார்க்கோ போலோ சொல்லும் இன்னொன்றுதான் என் மனதை உறுத்துகிறது. குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இக்கரைக்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம். விற்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

இப்போது குதிரை பார்க்க வேண்டுமென்றால் நெடுந்தீவுக்குப் போக வேண்டும். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் விடப்பட்டவற்றின் வழிவந்த கட்டாக்காலிக் குதிரைகள் அங்கே உண்டு. மழையற்ற மாதங்களில் குடிநீருக்கு அவை படும் பாடு அத்தீவார் அறிந்தது. நமக்கு வாய்த்தது கழுதை. அதுவும் அரபு வணிகரோடு வந்தது என்றுதான் நம் ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள், பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சொல்வதுபோல. ஒரு காலத்தில் சுமை தூக்கியவை, லொறி வந்தபின் தெருவுக்கு வந்துவிட்டன. மன்னாரில் இவற்றுக்கென்றே 'பிரிட்ஜிங் லங்கா' அமைப்பு ஒரு மருத்துவ நிலையத்தை உருவாக்கியது.

கழுதை பாலைநிலத்து மிருகம். குதிரையைவிடத் தாகம் தாங்கும். அந்தப் பெயர்தான் அதற்கு வினை. தாங்கும் என்று விட்டுவிடுகிறோம். அது நோவை வெளியே காட்டாத பிராணி. தலையைத் தொங்கப்போட்டு, தீனியில் வாய் வைக்காமல், கூட்டத்தைவிட்டுத் தனியே நின்றால் ஏற்கெனவே கடுமையாகிவிட்டது என்று பொருள். இன்னொன்று, அழுக்குத் தண்ணீரைக் கழுதை லேசில் குடிக்காது. பாசி படிந்த தொட்டியைக் காட்டிவிட்டு "தாகமில்லை போல" என்று சொல்லக்கூடாது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு எட்டு வயது. வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போக எல்லோரும் கடற்கரைக்கு ஓடிக்கொண்டிருக்க, உம்மா ஆடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கிணற்றடிக் கல்தொட்டியை வாளி வாளியாக நிரப்பிக்கொண்டிருந்தார். வாப்பா ஏசினார். "நாம போற இடத்துல தண்ணி கேட்டு வாங்கலாம், இதுகள் ஆருட்டப் போய்க் கேக்கும்?" என்றார் உம்மா. இருபது வருடம் கழித்து வந்து பார்த்தபோது தொட்டி பிளந்து கிடந்தது. இப்போது அதே இடத்தில் சீமெந்தில் ஒன்று கட்டியிருக்கிறேன். ஒரு முழ உயரம், கழுதை இடித்தாலும் புரளாத கனம்.

தொட்டியோ சட்டியோ, நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்த தண்ணீர் மத்தியானத்தில் தேத்தண்ணிக்கு ஆகும். நாய்க்கு மண்சட்டி நல்லது, தண்ணீர் குளிர்ந்திருக்கும். தினமும் கவிழ்த்து, உரசிக் கழுவி, புதிதாக நிரப்புங்கள். அப்படிச் செய்தால் டெங்கு நுளம்பு அதில் பெருக வழியில்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் பயமில்லை.

வளர்க்கும் நாயைத் தகரக் கூரையின்கீழ் கட்டிப்போடாதீர்கள். கிடுகுக் கொட்டில், இரண்டு பக்கமாவது காற்றுக்குத் திறந்ததாக. நடத்திக் கூட்டிப்போவது சுபஹுக்குப் பின் அல்லது மஃரிபை ஒட்டி. தார் வீதியில் உங்கள் புறங்கையைச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துவிடும்.

பிராணி தள்ளாடினால், ஈறு கடுஞ்சிவப்பானால், கண் சொருகினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஊற்றிக்கொண்டே மிருக வைத்தியருக்குச் சொல்லியனுப்புங்கள். ஈரச் சாக்கை மேலே போர்த்துவது நம் வழக்கம். புழுக்கத்தில் அது பானைக்கு மூடி போட்ட மாதிரி, சூட்டை உள்ளே அடைத்துவிடும். மயங்கிய பிராணியின் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

சூடேறிய குதிரைமேல் குளிர்நீர் ஊற்றினால் தசை பிடித்துவிடும் என்று ஐரோப்பாவிலும் நெடுங்காலம் பயந்தார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி புழுக்கமான கோடையில் நடக்கவிருந்ததால் அதை முன்கூட்டியே ஆராய்ந்து பார்த்தார்கள். ஊற்றிய குதிரைகள்தாம் விரைவில் தேறின. நீர்த்தூவலோடு விசிறிகளும் அங்கே வைக்கப்பட்டன. நம் கழுதைக்கு ஒரு வாளியும் பனையோலை விசிறியும் போதும்.

எச்சரிக்கை ஒன்று. எச்சில் வடிய, தடுமாறி வரும் அறியாத நாய்க்கு வெக்கைதான் என்று முடிவு கட்டாதீர்கள், விசர்நாயாகவும் இருக்கலாம். பிள்ளைகளை விலக்கி, எட்ட நின்றே பாருங்கள். கடித்துவிட்டால் அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணித்தியாலம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த மாணவன் இப்போது இடைவேளையில் மதிலுக்கு வெளியே உடைந்த பானையொன்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறான். பெட்டை நாய் வருகிறது, காகம் வருகிறது. போன கிழமை ஒரு கழுதைக்குட்டி பானையைப் புரட்டிவிட்டது என்று முறைப்பாடு வந்திருக்கிறது.