நோவைத் தணிப்பது விசுவாசக் குறைவா?



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளை நினைவுகூருமாறு திருச்சபை நமக்குத் தந்துள்ள மாதமாகும். இம்மாதத்தில் சேமக்காலைகளுக்குச் செல்கிறோம். கல்லறைகளைத் துப்புரவாக்கி, மலர் சூட்டி, மெழுகுதிரி ஏற்றி, நமது பெற்றோருக்காகவும் உற்றாருக்காகவும் செபிக்கிறோம். இது போற்றத்தக்க மரபு. ஆயினும், அச்சேமக்காலைக்கு வந்து சேருமுன்னர் அவர்கள் படுத்திருந்த கட்டிலை நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா? அவர்களது இறுதி வாரங்கள் எவ்வாறு கழிந்தன? நோவு தணிந்திருந்ததா? சொல்ல விரும்பியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்களா?

நம் இல்லங்களில் நடப்பதொன்றைச் சற்றுச் சிந்தியுங்கள். தீராத புற்றுநோயால் வாடும் தாயொருவர் இரவெல்லாம் முனகிக்கொண்டிருக்கிறார். வைத்தியர் எழுதிக் கொடுத்த மோர்பின் மருந்து மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் தயங்குகின்றனர். “அதைக் குடுத்தால் அம்மா பிறகு எழும்பமாட்டா” என்கிறார் ஒருவர். “ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கட்டும்” என்கிறார் மற்றொருவர். இருவரும் தாயை நேசிப்பவர்களே. இருவருடைய உள்ளத்திலும் இருப்பது ஒரே அச்சம்தான்: நோவைத் தணிப்பது பாவமாகிவிடுமோ? அது விசுவாசக் குறைவாகிவிடுமோ?

இதே வினாவை ஒருகாலத்தில் வைத்தியர்களே ஒரு பாப்பரசரிடம் எழுப்பினார்கள் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. 1956ஆம் ஆண்டில் இத்தாலிய மயக்க மருந்து நிபுணர்கள் தமது தேசிய மாநாட்டை உரோமாபுரியில் நடத்தினார்கள். அம்மாநாட்டிலிருந்து மூன்று வினாக்கள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதரிடம் சமர்ப்பிக்கப்பட்டன. நோவு நீக்கும் மருந்தை மறுத்து, விசுவாச உணர்வோடு வேதனையை ஏற்கும் கடமை எல்லாருக்கும் உண்டா? மருந்தினால் ஒருவரின் சுயநினைவை மங்கச் செய்வது நற்செய்திக்கு ஏற்புடையதா? மரணத்தறுவாயில் இருப்பவருக்கு, ஆயுள் சற்றுக் குறையக்கூடும் எனினும், அத்தகைய மருந்தைக் கொடுக்கலாமா? இவையே அவ்வினாக்கள்.

1957 பெப்ரவரி 24ஆம் திகதி வைத்தியர்களின் கூட்டமொன்றில் பாப்பரசர் விரிவாக விடையளித்தார். வேதனையைத் தாமாக மனமுவந்து ஏற்று ஒப்புக்கொடுப்பது உயர்ந்த காரியம். ஆனால் அது எல்லார் மீதும் சுமத்தப்பட்ட கடமையன்று என்பது அவரது முதலாவது போதனை. அளவுகடந்த நோவு ஆன்மாவின் உயர்ந்த முயற்சிகளுக்கே தடையாகக்கூடும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். வேறு வழியில்லாதபோது, நோவைத் தணிக்கும் நோக்கத்துடன், நோயாளி தமது சமயக் கடமைகளையும் ஏனைய பொறுப்புகளையும் நிறைவேற்றத் தடையில்லாத வகையில், அம்மருந்துகளைக் கொடுக்கலாம் என்றும் தெளிவாகக் கூறினார். கொல்லும் நோக்கத்துடன் மருந்து கொடுப்பது ஒருபோதும் ஆகாது. நோவைத் தணிக்கும் நோக்கத்துடன் கொடுப்பது ஆகும். இவ்விரண்டுக்குமிடையே அன்று அவர் வரைந்த கோடு இன்றுவரை திருச்சபையின் போதனையாக நிலைத்து நிற்கிறது.

கல்வாரியில் ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசம் கொடுக்கப்பட்டதையும், அவர் அதை ஏற்காமல் விட்டதையும் மாற்கு நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். இதை எடுத்துக்காட்டி, நாமும் மருந்தை மறுக்க வேண்டும் என்று கூறுவோர் உளர். ஆண்டவர் மறுத்தது தமக்குரிய கிண்ணத்தையே. பிறருடைய நோவை அவர் ஒருபோதும் அப்படியே விட்டுச் சென்றதில்லை. குருடரைத் தொட்டார், தொழுநோயாளரைத் தொட்டார், பேதுருவின் மாமியாரைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். எனது வேதனையை நான் ஒப்புக்கொடுக்கலாம். பிறருடைய வேதனையை அவருக்காக நான் ஒப்புக்கொடுத்துவிட முடியாது. கட்டிலில் கிடப்பவரின் சிலுவையை நாம் தெரிவு செய்யலாகாது.

பாப்பரசர் விடையளித்த மறு ஆண்டில், 1958இல், இலண்டன் ஹக்னி பகுதியிலுள்ள புனித சூசையப்பர் பராமரிப்பு இல்லத்துக்கு ஒரு பெண் வைத்தியர் பணியாற்ற வந்தார். 1905ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திவந்த இல்லம் அது. நன்மரணத்தின் பாதுகாவலர் புனித சூசையப்பர் அல்லவா! அவருடைய பெயரைத் தாங்கிய அவ்வில்லத்தில், மரிக்கும் ஏழைகளை அச்சகோதரிகள் அன்புடன் பராமரித்தனர். அங்கு வந்த வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ். அவர் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். தாதியாகவும், வைத்தியசாலைச் சமூக சேவையாளராகவும் கடமையாற்றிய பின்னரே அவர் மருத்துவம் கற்றார்.

நோவு தாங்கமுடியாத நிலையை அடைந்த பின்னர்தான் ஊசி போடுவது அந்நாளைய வைத்தியசாலைகளின் வழக்கம். நோயாளி அழுது கேட்கும் வரை காத்திருப்பார்கள். சோண்டர்ஸ் இதனை மாற்றினார். நோவு திரும்பி வருமுன்னரே, மணிக்கணக்கு வைத்து, தகுந்த அளவில், வாய்வழியாக மோர்பினைக் கொடுத்தார். விளைவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். தகுந்த அளவில் கொடுக்கும்போது நோயாளிகள் தெளிவுடன் இருந்தனர், பேசினர், செபித்தனர். அடுத்த நோவு எப்போது வருமோ என்ற அச்சம் அவர்களை விட்டு நீங்கியது. உடலின் நோவு மட்டுமன்றி மனத்தின் நோவு, குடும்பக் கவலையால் வரும் நோவு, ஆன்மாவின் நோவு ஆகிய அனைத்தும் ஒன்றுசேர்ந்தே ஒருவரை வாட்டுகின்றன என்று அவர் கற்பித்தார். இதனை அவர் ‘முழுமையான நோவு’ என அழைத்தார்.

1948இல், போலந்திலிருந்து வந்திருந்த யூத அகதியொருவர், சோண்டர்ஸின் எதிர்கால இல்லத்தில் ஒரு யன்னலாக இருக்க விரும்பி 500 பவுணை அவருக்கு விட்டுச்சென்றார். 19 ஆண்டுகளின் பின்னர், 1967இல், புனித கிறிஸ்தோப்பர் இல்லம் இலண்டனில் திறக்கப்பட்டது. பயணிகளின் பாதுகாவலரின் பெயரை அதற்குச் சூட்டியது தற்செயலானதன்று. மரணத்தை ஒரு கடத்தலாகக் கண்டவர் அவர்.

அவ்வில்லத்துக்குச் சென்று கற்றுத் திரும்பிய கனேடிய சத்திரசிகிச்சை நிபுணர் பல்போர் மவுண்ட், 1975இல் மொன்றியல் வைத்தியசாலையொன்றில் இத்தகைய விடுதியைத் தொடங்கினார். ‘பலியேட்டிவ் கெயார்’ என்ற பெயரை வழங்கியவரும் அவரே. ‘பல்லியம்’ என்பது இலத்தீன் மொழியில் போர்வையைக் குறிக்கும் சொல். பேராயர்கள் தோளில் அணியும் பல்லியத்தின் பெயரும் அச்சொல்லே. குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தமது மேலாடையை இரண்டாக வெட்டிக் கொடுத்த புனித மார்ட்டினை நினைத்துக்கொள்ளுங்கள். நோயை நீக்க முடியாதபோதும் நோயாளியைப் போர்த்திக் காக்கலாம் என்பதே இப்பராமரிப்பின் பொருள். 1976ஆம் ஆண்டில் மொன்றியலில் தொடங்கிய இதற்கான சர்வதேச மாநாடு, உலகெங்குமுள்ள வைத்தியர்களும் தாதியரும் குருக்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் இடமாக வளர்ந்தது.

இத்தகைய மாநாடொன்று 2004 நவம்பரில் வத்திக்கானிலும் நடைபெற்றது. அதில் பங்குபற்றியோரிடம் நவம்பர் 12ஆம் திகதி உரையாற்றியவர் திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர். அப்போது அவரே தளர்ந்த நோயாளி. நடக்கவும் பேசவும் சிரமப்பட்டவர். கருணைக்கொலையை அவர் வன்மையாக நிராகரித்தார். அதேவேளை, பயன் தராத கடுஞ்சிகிச்சையை விட்டுவிடுவது நோயாளியைக் கைவிடுவதாகாது என்றும், அந்நேரத்தில் நோவு தணிக்கும் பராமரிப்பை நாட வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். ஐந்து மாதங்கள் நிறைவடையுமுன்னரே, தாம் கற்பித்தவாறே அவர் மரித்தார். 2005 மார்ச் இறுதியில் நிலைமை மோசமடைந்தபோது அவர் வைத்தியசாலைக்குத் திரும்பவில்லை. தமது இல்லத்திலேயே நோயில்பூசுதலைப் பெற்று, தம்மை நேசித்தோர் சூழ்ந்து செபிக்க, ஏப்ரல் 2ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

நம் உறவினர் பலர் குடியேறி வாழும் கனடாவில், வைத்திய உதவியுடன் உயிரை முடித்துக்கொள்வது 2016இல் சட்டபூர்வமாக்கப்பட்டது. அந்நாட்டின் ரொறன்ரோ நகரிலேயே 2024 மே மாதத்தில், கனேடிய ஆயர் பேரவையும் வாழ்வுக்கான பாப்பரசர் கழகமும் இணைந்து, நோவு தணிக்கும் பராமரிப்புப் பற்றிப் பல்சமயக் கருத்தரங்கொன்றை நடத்தின. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு அனுப்பிய செய்தியில், இப்பராமரிப்பைக் கருணைக்கொலையோடு குழப்பிக்கொள்ளலாகாது என்பதையும், இது நெருக்கத்தினதும் தோழமையினதும் அடையாளம் என்பதையும் வலியுறுத்தினார். “என்னைக் கொன்றுவிடுங்கள்” எனக் கேட்கும் நோயாளியின் குரலில், “என்னைத் தனியே விடாதீர்கள்” என்ற கெஞ்சல் மறைந்திருப்பதுண்டு. அக்கெஞ்சலுக்குச் செவிகொடுப்பதே கிறிஸ்தவ மறுமொழி.

அன்பானவர்களே, வத்திக்கானிலும் ரொறன்ரோவிலும் கூறப்பட்டவை நமது வீட்டு வாசலுக்கு வராவிட்டால் பயன் என்ன? உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்பராமரிப்புத் தேவைப்படுகிறது என்றும், அவர்களில் சுமார் 14 சதவீதத்தினரே அதனைப் பெறுகின்றனர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. மஹரகமவுக்கும் தெல்லிப்பழைக்கும் நோயாளியை அழைத்துச் சென்று காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த இலக்கங்களின் பொருள் நன்கு விளங்கும்.

நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவதாக, நோவைப் பற்றி வைத்தியரிடம் வெட்கமோ அச்சமோ இன்றி வாய்திறந்து பேசுங்கள். அவர் கூறிய அளவிலும் நேரத்திலும் மருந்தைக் கொடுங்கள். உங்கள் கை கொடுக்கும் அந்த மருந்து, நல்ல சமாரியர் காயத்தில் வார்த்த எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் போன்றதே.

இரண்டாவதாக, குருவானவரை அழைக்கத் தாமதிக்காதீர்கள். “சுவாமியைக் கூப்பிட்டால் அப்பா பயந்து போவார்” என்று கூறிக் கடைசி மூச்சுவரை காத்திருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று நாம் அழைத்துவந்ததை, நோயாளருக்குரிய அருளடையாளம் எனத் திருச்சபை எடுத்துரைத்துப் பல ஆண்டுகளாகின்றன. மரணத்தறுவாயில் இருப்போருக்கு மட்டுமே அது உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கற்பித்தது. 1972இல் அதற்குரிய புதிய ஒழுங்கும் வகுக்கப்பட்டது. நோயாளி தெளிவுடன் இருக்கும்போதே பாவசங்கீர்த்தனம் செய்து, பூசுதலையும் நற்கருணையையும் பெற்று, பகையிருந்தால் ஒப்புரவாகட்டும். சமயக் கடமைகளை நிறைவேற்ற இடம்விட வேண்டும் என 12ஆம் பத்திநாதர் கூறியது இதற்காகவே. பெரும்பாலும் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். பயந்திருப்பவர்கள் நாம்தான்.

மூன்றாவதாக, அருகில் இருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. வாய்திறந்த பின்னர்தான் தவறிழைத்தார்கள். மரியன்னை சிலுவையின் அடியில் நின்றபோது ஆணிகளைக் கழற்ற அவரால் முடியவில்லை. ஆயினும் அவர் அகன்று போகவுமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்துமணி செபமாலை சொல்லுங்கள். வறண்ட உதட்டை ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள். அயல்வீட்டில் இரவிரவாகக் கண்விழிக்கும் மகளை ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டு, அவ்விடத்தில் நீங்கள் அமருங்கள். இதற்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை.

இந்நவம்பரில் சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு செல்லும் வழியில், உங்கள் பங்கில் நோயுற்றிருப்போரின் வீடொன்றுக்கும் சென்று வாருங்கள்.

கெத்சமனித் தோட்டத்தில் சீடர்களைத் தம்முடன் தங்கியிருக்குமாறு கேட்ட ஆண்டவரே, நோவோடு விழித்திருப்போரின் அருகில் உறங்கிவிடாமல் இருக்க எமக்கு வரம் தாரும். அவர்களின் நோவைத் தணிக்கும் கைகளை ஆசீர்வதியும். எமது இறுதி வேளையிலும் எம்மைத் தனியே விடாதேயும். ஆமென்.